கோவில்பட்டி வரைந்த சாமிகள்

உங்கள் வீட்டுப் பூஜையறையிலோ ஊரில் பாட்டி வீட்டுச் சாமி மாடத்திலோ, சாம்பிராணிப் புகையேறி மங்கிப்போன பழைய கண்ணாடிப் படம் ஏதாவது இருந்தால் அதை ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். கும்பிட வேண்டாம், கீழ் மூலையை மட்டும் பாருங்கள். குங்குமமும் சந்தனமும் அப்பி மறைக்காமல் விட்டிருந்தால் சின்னதாக ஒரு கையெழுத்து தெரியக்கூடும்: சி. கொண்டையராஜு. சில படங்களில் பக்கத்திலேயே டி.எஸ். சுப்பையா என்று இன்னொரு பெயரும் இருக்கும்.

அந்தக் கையெழுத்து கோவில்பட்டியில் போடப்பட்டது. தமிழ்நாட்டில் இரண்டு மூன்று தலைமுறைக்கு முருகன் என்றால் எந்த முகம், லட்சுமி என்றால் எந்தப் புன்னகை, மீனாட்சி என்றால் எந்தப் பச்சை என்று மனதில் பதித்ததில் இந்தக் கரிசல் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே கொண்டாடியது. நியாயம்தான். ஆனால் கடலைமிட்டாயைவிட அதிக வீடுகளுக்குள் போன சரக்கு ஒன்று இங்கிருந்து புறப்பட்டது. அதைக் கலை என்று சொல்ல நமக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

வெனிஸில் 1895 முதலும், ஜெர்மனியின் காசெல் நகரில் 1955 முதலும், நமக்குப் பக்கத்தில் கொச்சியில் 2012 முதலும் உலகக் கலைஞர்கள் கூடுகிறார்கள். இன்று அங்கெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் மூன்றுதான். யாருடைய முகம் படமாகிறது? அந்தப் படத்துக்குப் பின்னால் யாருடைய அதிகாரம் இருக்கிறது? அது எந்தப் பொருளால், யார் கையால் செய்யப்பட்டது? இந்த மூன்றையும் காலண்டர் தாளில் வைத்துப் பார்த்த ஊர் கோவில்பட்டி. யாரும் அதைக் கேள்வியாக எழுதி வைக்கவில்லை, அவ்வளவே.

நாடகக் கொட்டகையிலிருந்து

கொண்டையராஜு கரிசல்காட்டில் பிறந்தவர் இல்லை. 1898-ல் பிறந்து, சென்னை அரசு ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். வெள்ளைக்கார அரசாங்கம் நடத்திய அந்தப் பள்ளியில் எதிரே இருப்பதை இருப்பதுபோல் வரையும் ஐரோப்பிய வழிதான் பாடம். ஒளி எங்கிருந்து விழுகிறது, நிழல் எங்கே சாய்கிறது, தூரம் எப்படிச் சிறுக்கிறது என்பதெல்லாம் கைக்கு வந்தபின், உத்தியோகம் தேடாமல் திருவண்ணாமலைக்குப் போய் ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிறகு நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகச் சுற்றினார். அவருடைய வேலை சீன் எழுதுவது: தர்பார், தெரு, காடு, கைலாசம் என்று மேடைக்குப் பின்னால் தொங்கும் படுதாக்கள். 1940-களின் தொடக்கத்தில் கோவில்பட்டி வந்தபோது கம்பெனி கலைந்தது. அவர் இங்கேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டூடியோ பிறந்தது.

ஏன் கோவில்பட்டி என்று கேட்டால், கம்பெனி கலைந்த இடம் அதுதான் என்பதே நேர்மையான பதில். ஆனாலும் ஊர் அவருக்குத் தோதாக இருந்தது. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ரயிலடி உள்ள ஊர். பஞ்சாலைச் சம்பளம் புழங்கியது. பருத்தி வியாபாரிகளும் தீப்பெட்டி முதலாளிகளும் வந்துபோகும் கடைவீதி இருந்தது. எல்லாவற்றையும்விட, அச்சு இயந்திரங்கள் ஓடத் தொடங்கியிருந்த சிவகாசி ஒரு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் இருந்தது.

அந்த நாடகப் படுதா அவரை விட்டு இறங்கவே இல்லை. அவர் வழிப் படங்களைக் கவனியுங்கள். சாமி இருக்கும் இடம் கோயிலாகவும் இருக்காது, காடாகவும் இருக்காது. ஓரத்தில் சுருக்கி விட்ட திரை, பின்னால் மேகம் சூழ்ந்த மலை, தரையில் பளிங்கு, மேலேயிருந்து விழும் விளக்கொளி. முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஜனத்தைப் பார்த்து நிற்கும் நடிகரைப் போலச் சாமி நம்மையே பார்க்கும். ராஜபார்ட் மேடைக்கு வந்ததும் கைதட்டத் தோன்றுமே, அந்த ‘எண்ட்ரி’ இந்தப் படங்களில் உறைந்திருக்கிறது.

இதை ரவிவர்மாவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். 1894-ல் பம்பாயில் சொந்த அச்சகம் வைத்து, ஜெர்மன் தொழில்நுட்பத்தில் சாமி படங்களை அச்சிட்டு வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தவர் அவர். கடன் நெருக்கி, பிறகு அதை ஃப்ரிட்ஸ் ஷ்லெய்கர் என்ற ஜெர்மானியரிடம் விற்றார் என்பது தனிக் கதை. ரவிவர்மா தெய்வங்களை மனிதர்களாக்கினார். அவருடைய லட்சுமி தாமரைமேல் நிற்கும் ஒரு பெரிய வீட்டுப் பெண். சேலை மடிப்பில் துணியின் கனம் தெரியும், கண்ணில் கொஞ்சம் சோகமும் தெரியும். கொண்டையராஜு அந்தத் திறமையையெல்லாம் வைத்துக்கொண்டே எதிர்த்திசையில் நடந்தார். மனிதச் சதையில் தொடங்கி, அதைக் கருவறை விக்கிரகத்தின் நேர்ப்பார்வைக்குத் திருப்பினார். கண் பெரிதாயிற்று. நகை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் துலங்கியது. சோகம் போய்விட்டது. கும்பிடுகிறவருக்குச் சோகமான சாமி எதற்கு?

மீனாட்சி கல்யாணத்தை அவர் வரைந்த படம் இதற்கு நல்ல சாட்சி. நாணிக் குனிந்த மீனாட்சி, கைப்பிடிக்கும் சுந்தரேசுவரர், தங்கையைத் தாரைவார்க்கும் பெருமாள் என்று மூன்று பேர் நிற்கும் அமைப்பு மதுரைக் கல்தூண்களில் உள்ளது. தூணில் இருந்த மூன்று பேரையும் இறக்கி, மேடை விளக்கில் நிறுத்தி, வண்ணம் ஏற்றித் தந்தார். மதுரைக்குப் போகமுடியாத சம்சாரியின் மண்சுவரிலும் கல்யாணம் நடந்தது.

ஸ்டூடியோவிலேயே ஒரு பள்ளிக்கூடம் வளர்ந்தது. டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. ராமலிங்கம், செண்பகராமன் என்று சீடர் வரிசை நீண்டது. பிற்காலத்தில் சிவகாசிக் காலண்டர்களில் இவர்களின் கைவண்ணம் பரவலாகப் புழங்கியது. குருவும் சீடரும் ஒரே படத்தில் சேர்ந்து கையெழுத்திடுவது மேற்கத்திய ஓவிய உலகுக்கு விசித்திரம். அங்கே தனிமேதைதான் கணக்கு. இங்கே ஒரே படத்துக்கு இரண்டு பேர் பெயர் கொடுக்க இருவருக்குமே தயக்கமில்லை. பக்கத்தில் கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பாறையிலிருந்து குடைந்தெடுத்த பாண்டியர் காலத்துச் சிற்பிகளில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அந்தப் பெயரில்லாத கூட்டுவேலைக்கும் மேற்கின் தனிமேதைக்கும் நடுவே ஓர் இடத்தை இந்த இரட்டைக் கையெழுத்து பிடித்து வைத்திருந்தது.

கோயிலுக்குள் விடாதவர்கள் அச்சிட்ட கோயில்

சிவகாசியின் பக்கத்துக்கு வருவோம். காலண்டர் கதையில் அரசியல் இங்கேதான் இருக்கிறது.

1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். ராமநாதபுரம் ராஜா வழக்குப் போட்டார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் நாடார்களுக்குக் கோயிலுக்குள் நுழைய உரிமையில்லை என்று தீர்ப்பானது. இடையில் 1899-ல், கோயில் நுழைவை ஒட்டிய பகையில் சிவகாசி தாக்கப்பட்டது. தென் மாவட்டங்களின் வரலாற்றில் ஆறாத தழும்பு அது. 1939-ல் வைத்தியநாத அய்யர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தலித்துகளையும் நாடார்களையும் அழைத்துச் சென்றபோதுதான் அந்தக் கதவு முறையாகத் திறந்தது.

இந்தத் தேதிகளுக்கு நடுவில் இன்னொரு சங்கதி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்ததும் லேபிளோடு நிற்கவில்லை. கோயில் வாசலில் மறித்து நிறுத்தப்பட்ட ஊர், ஒரு தலைமுறை கழிந்து, எல்லாச் சாதி வீட்டுக்கும் சாமி அச்சிட்டுக் கொடுக்கும் ஊராயிற்று. மீனாட்சி சந்நிதிக்குள் போகக்கூடாது என்று தடுக்கப்பட்ட எவர் வீட்டுச் சுவரிலும் அதே மீனாட்சி ஓர் ஆணியில் வந்து தொங்கினாள். தீட்டு பார்க்க அங்கே அர்ச்சகர் கிடையாது. தட்டு ஏந்துவது வீட்டுப் பெண்தான். இதைத் திட்டம் போட்டு யாரும் செய்யவில்லை, வியாபாரம் செய்தார்கள். ஆனாலும் தமிழ்நாட்டின் ஆலய நுழைவு வரலாற்றை எழுதுகிறவர்கள் சட்டத்துக்கும் போராட்டத்துக்கும் பக்கத்தில் இந்த ஆணிக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

காலண்டர் விற்கும் முறையும் தனி ருசி. ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான ஆல்பங்கள் வெளிவரும். ஏஜெண்டுகள் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். கடைக்காரர் புரட்டிப் பார்த்து, இந்த நம்பர் முருகன் ஐந்நூறு, அந்த நம்பர் லட்சுமி முந்நூறு என்பார். சாமிக்குக் கீழே விட்டிருக்கும் வெற்றிடத்தில் கடைப் பெயர் ஏறும். ஒரே முருகனுக்குக் கீழே ஓர் ஊரில் பாத்திரக் கடை, இன்னோர் ஊரில் ஜவுளிக் கடை, மற்றோர் ஊரில் வட்டிக் கடை. தை பிறக்கும் முன், “அண்ணாச்சி, காலண்டர் வந்துருச்சா?” என்று கேட்காத வாடிக்கையாளர் உண்டா? கடன் பாக்கி வைத்திருப்பவர்கூட அந்த ஒரு வாரம் தலைநிமிர்ந்து கடைக்கு வருவார்.

வீட்டுக்குப் போனபின் படம் மாறத் தொடங்கும். முதலில் மேல்தகரப் பட்டையில் ஒரு முழம் பூ. பிறகு நெற்றியில் குங்குமம். ஆண்டு முடிந்து தேதித்தாள் தீர்ந்தாலும் படத்தைத் தூக்கிப்போட மனம் வராது. வெட்டியெடுத்துக் கண்ணாடி போடுவார்கள். அச்சகத்தை விட்டு வெளியேறும்போது இந்தப் படம் முடிந்திருப்பதில்லை, கும்பிடுகிறவர் கைபட்டுத்தான் முடிகிறது. பார்வையாளரும் பங்கெடுக்கும் கலை என்று சமகாலக் கலை உலகம் பெருமையோடு பேசுவது இதைத்தான். அச்சில் பெருகப் பெருகக் கலைப்படைப்பின் மகத்துவம் தேய்ந்துவிடும் என்று 1930-களில் எழுதிய ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் ஒரு தென்பாண்டிச் சமையற்கட்டைப் பார்த்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார். லட்சம் பிரதியில் ஒன்று இங்கே விளக்கு வைத்ததும் மூலவராகிவிடுகிறது.

சாமியோடு நின்றதா? இல்லை. காமராஜர், அண்ணா, எம்.ஜி.ஆர்., பெரியார், அம்பேத்கர், முத்துராமலிங்கத் தேவர், இம்மானுவேல் சேகரன் என்று தலைவர்களும் அதே தாளில் அதே நேர்ப்பார்வையோடு வந்தார்கள். வேளாங்கண்ணி மாதாவும் மெக்காவும் அதே இயந்திரத்தில் ஓடின. ஒரு வீட்டு முன்னறையில் தொங்கும் காலண்டரைப் பார்த்து அந்த வீட்டின் மதம், கட்சி, சாதி மூன்றையும் ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடலாம். அடையாள அரசியல் என்று கண்காட்சிப் பட்டியல்களில் படிக்கிறோமே, அதன் பச்சையான வடிவம் இது. அழகானதும் ஆபத்தானதும் ஒரே ஆணியில் தொங்குகின்றன.

சிவந்த கன்னத்துக் கருப்பசாமி

புகழ்ந்தது போதும். இந்தப் படங்களின்மேல் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு.

கரிசல் மண் கறுப்பு. வெடிப்பு விட்ட கோடையில் கறுப்பு, முதல் மழைக்குப் பிறகு இன்னும் கறுப்பு. அதில் கம்பும் பருத்தியும் உளுந்தும் மிளகாயும் விளைவிக்கிறவர்களின் தோல் நிறம் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த மண்ணின் நடுவில் உட்கார்ந்து வரைந்த சாமிகளோ ரோஜா நிறம். முருகனின் கன்னம் பால்டின் குழந்தையின் கன்னம். கறுப்பாக இருந்தே ஆகவேண்டிய கண்ணனுக்கும் ராமனுக்கும் நீலம் பூசித் தப்பித்தார்கள். சென்னைப் பள்ளியின் ஐரோப்பியப் பயிற்சி, மேடையின் ரோஸ்பவுடர், வாங்குகிறவரின் ஆசை மூன்றும் சேர்ந்து செய்த காரியம் இது. இந்த மண்ணுக்காரர்கள் தம் முகத்தைத் தம் சாமியிடம் காண முடியவில்லை.

அதைவிடக் கொடுமை காவல் தெய்வங்களுக்கு நடந்தது. சுடலைமாடனுக்குப் பல ஊர்களில் முகமே கிடையாது. சுண்ணாம்பும் காவியும் பூசிய செங்கல் பீடம்தான் அவன். பார்த்த மாத்திரத்தில் முதுகுத்தண்டு சில்லிடும். அய்யனாரும் அவர் குதிரையும் வேளார் கையில் வெந்த மண். பெருந்தெய்வங்கள் காலண்டரில் கோலோச்சிய காலத்தில் இவர்களுக்கு அங்கே பெரிய இடம் இல்லை. பின்னாளில் குலதெய்வப் படங்களுக்குக் கிராக்கி வந்தபோது இடம் கிடைத்தது. கூடவே மீசை முறுக்கு, சிவந்த கன்னம், கழுத்து நிறைய நகை. பீடமாக இருந்தபோது இருந்த அச்சம் எங்கோ போய்விட்டது. அச்சகம் கதவைத் திறந்துவிட்டது, உள்ளே வருகிறவர் பவுடர் பூசிக்கொண்டு வரவேண்டும் என்றும் சொல்லிவிட்டது.

உழைப்புக் கணக்கும் உண்டு. ஓவியருக்குப் பெரும்பாலும் ஒருமுறைப் பணம். மூல ஓவியம் அச்சிடுகிறவரின் சொத்து. பிறகு அது எத்தனை ஆண்டு, எத்தனை பிரதி ஓடினாலும் வரைந்த கைக்கு அதில் பாத்தியதை இல்லை. இந்த அச்சுத் தொழிலைப் பெற்றெடுத்த தீப்பெட்டித் தொழிலின் கணக்கு இன்னும் கசப்பு. கோவில்பட்டி, சாத்தூர், கழுகுமலை வட்டாரத்தில் கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் குடும்பம் காத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பல காலம் பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகளும் விடியுமுன் ஆலை வண்டியேறினார்கள். 1986-ல் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. அதன் பிறகே நிலைமை மெல்ல மாறியது.

2010-ல் லண்டன் டேட் மாடர்ன் கூடத்தில் சீனக் கலைஞர் அய் வெய்வெய் பத்துக் கோடி சூரியகாந்தி விதைகளைக் கொட்டி நிரப்பினார். எல்லாம் பீங்கானில் செய்து ஒவ்வொன்றாகக் கையால் வண்ணம் தீட்டியவை. சிங்டெசென் நகரத்துக் கைவினைஞர்கள் ஏறத்தாழ 1,600 பேர் செய்தார்கள். மலிவாக, கோடிக்கணக்கில், முகமில்லாத கைகள் செய்யும் பொருள்களைப் பற்றி யோசியுங்கள் என்று உலகத்தைக் கேட்டது அந்தக் குவியல். மக்கள் அதன்மேல் நடந்தபோது பீங்கான் தூசி எழுந்தது, உடல்நலத்துக்குக் கேடு என்று சில நாளில் நடப்பதை நிறுத்திவிட்டார்கள். தீப்பெட்டி மருந்தின் நெடியில் ஆயுளைக் கழித்த நம் அத்தைகளுக்கு இந்தச் செய்தியைச் சொன்னால் சிரிப்பார்கள்.

பரோடா, பெங்களூர், லண்டன்

காலண்டர் படத்தை ‘உயர்கலை’ ஒருபோதும் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொல்வதற்கில்லை. பார்த்தது, எடுத்துக்கொண்டது. 1962-ல் அமெரிக்காவில் ஆண்டி வார்ஹோல் சூப் டின் படத்தை 32 கேன்வாஸில் வரைந்து மாட்டினார். கடைச் சரக்கும் கலைதான் என்ற பேச்சு உலகெங்கும் கிளம்பியது. சில ஆண்டுகளில், பரோடாவில் கணக்குத் தணிக்கையாளராக வேலை பார்த்துக்கொண்டே ஓவியரான பூபேன் கக்கர், கடைவீதியில் விற்ற சாமி படங்களை வெட்டி ஒட்டிப் படைப்புகள் செய்தார். அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. 2016-ல் டேட் மாடர்னில் அவருக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. 2019-ல் அவருடைய ஓவியம் ஒன்று லண்டன் ஏலத்தில் 25 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அது ஒட்டுப்படம் இல்லை, தீட்டிய ஓவியம். ஆனால் அதன் துணிச்சலான வண்ணங்களுக்குக் கடைவீதிதான் பள்ளிக்கூடம்.

பெங்களூரின் புஷ்பமாலா இன்னும் நேரடியாக வந்தார். புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை அவர் செய்த தொடரில் தென்னிந்தியப் பெண்ணுக்குப் படங்கள் கொடுத்த வேடங்களையெல்லாம் தானே போட்டுக்கொண்டார். ரவிவர்மாவின் லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, தமிழ்ப் படத்தில் சவுக்கு சுழற்றும் நாயகி. பின்னால் படுதா தொங்கும், நகை ஜரிகைத்தாள் என்று வேண்டுமென்றே தெரியவிடுவார். அந்தப் புகைப்படங்களின் முன்னால் தேவி ஆர்ட் ஸ்டூடியோவை நினைக்காமல் இருக்க முடியாது. கொண்டையராஜு நாடகத்தைச் சாமியாக்கினார். புஷ்பமாலா சாமியைத் திரும்ப நாடகமாக்குகிறார்.

கொண்டையராஜுவை ஆராய்ச்சிக்குரியவராக எடுத்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் ஸ்டீபன் இங்கிலிஸ் என்ற கனடாக்காரர். மதுரை வட்டாரத்து வேளார்களின் மண்சிற்பக் கலையைப் பற்றியும் எழுதியவர். கஜ்ரி ஜெயின் சிவகாசி வரை வந்து ஆராய்ந்து 2007-ல் ஆங்கிலத்தில் பெரிய நூல் எழுதினார். கிறிஸ்டோபர் பின்னி 2004-ல் எழுதினார். வெளியிலிருந்து வந்து பார்த்துச் சொன்னவர்களுக்கு நன்றி. நம் பல்கலைக்கழகங்கள் இந்த அளவு உழைப்பை இதில் போட்டிருக்கலாம்.

சாக்கும் கரியும்

பொருள் என்கிற மூன்றாவது கேள்வியில்தான் கரிசலின் எதிர்காலம் இருக்கிறது.

கானா நாட்டின் வடக்கே, வறண்ட புல்வெளிப் பகுதியில் தமாலே என்றோர் ஊர். அங்கே 1987-ல் பிறந்த இப்ராஹிம் மஹாமா உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது பழைய சணல் சாக்குகளால். கோகோ கொட்டை ஏற்றிப்போன சாக்கு, பிறகு கரி மூட்டையாகி, கிழிந்து, தைத்து, சொந்தக்காரர் பெயர் எழுதி, கடைசியில் அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கில் சேர்த்துத் தைத்துப் பெரிய கட்டடங்களைப் போர்த்தினார். 2015-ல் வெனிஸ், 2017-ல் காசெல். ஏற்றுமதி லாபம் எங்கே போனது, சுமந்த முதுகு யாருடையது என்று அந்தச் சாக்குகள் கேட்டன.

இப்போது விளாத்திகுளம், புதூர்ப் பக்கம் போய் வாருங்கள். சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி மண்பூசிக் கரிமூட்டம் போட்டிருப்பார்கள். வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த ஆண்டுகளில் பல குடும்பங்களுக்கு அதுதான் கதி. கரியை நிரப்பும் சாக்கு அதே சாக்கு, பெயர் எழுதும் மையும் ஏறக்குறைய அதே மை. தமாலேயில் கலையான பொருள் புதூரில் இன்னும் மூட்டையாகவே கிடக்கிறது. இங்கே அதைக் கலையாக்கும் பிள்ளை பிறக்கவில்லை என்று நான் நம்பத் தயாரில்லை. பிறந்து, கல்லூரிக் கட்டணம் கட்டமுடியாமல், கல்யாண பிளெக்ஸ் போர்டு வடிவமைத்துக்கொண்டிருக்கலாம்.

நம் பக்கத்திலேயே வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். கர்நாடகத்தின் ஷீலா கவுடா தூரிகையை ஓரமாக வைத்து மாட்டுச்சாணத்தை எடுத்தார். பிறகு ஊசிகளில் கோத்த நீண்ட நூலைக் குங்குமம் தோய்த்துக் கயிறாக்கித் தொங்கவிட்டார். குங்குமம் என்றால் மங்கலம்தான் என்று பழகிய கண்ணுக்கு அந்தக் கயிறு குடலாகவும் தெரியும், ரத்தமாகவும் தெரியும். திருவண்ணாமலையில் பிறந்த பெனிதா பெர்சியாள் 2014 கொச்சிக் கண்காட்சியில் சாம்பிராணியும் வாசனைப் பொருள்களும் குழைத்துக் கிறிஸ்தவ உருவங்கள் செய்தார். அவை கண்ணுக்கு முன்னால் மூக்குக்கு எட்டின. யாழ்ப்பாணத்து தா. சனாதனன் போரில் வீடிழந்தவர்களைத் தங்கள் வீட்டை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அந்தக் கோணல் கோடுகளைத் தொகுத்து 2011-ல் நூலாக்கினார். தோம்பு என்ற பழைய நிலப்பதிவேட்டின் பெயரையே அதற்கு வைத்தார். பெரிய செலவு இல்லை, ஒரு தாளும் பென்சிலும்தான். அதற்குள் ஒரு சமூகத்தின் இழப்பு அடங்கியது.

எழுத்தில் கரிசல் இதை எப்போதோ செய்துவிட்டது. இடைசெவலின் கி. ராஜநாராயணன் சம்சாரியின் பேச்சையே மூலப்பொருளாக எடுத்தார். 1982-ல் கரிசல் வட்டார வழக்குக்குத் தனி அகராதியே போட்டார். கு. அழகிரிசாமி, பூமணி, சோ. தர்மன், கோணங்கி, தேவதச்சன் என்று ஒரு சின்ன வட்டத்துக்குள் இத்தனை பேர். பூமணிக்கு 2014-லும் சோ. தர்மனுக்கு 2019-லும் சாகித்ய அகாதமி விருது. எழுத்தாளன் கரிசல் மண்ணைக் கறுப்பாகவே எழுதினான். ஓவியன் ரோஜா நிறத்தில் வரைந்தான். வாங்குகிறவர் யார் என்பதில் இருக்கிறது வித்தியாசம்: புத்தகத்துக்குப் பத்து வாசகர் போதும், காலண்டருக்குப் பத்தாயிரம் கடை வேண்டும். இருந்தும், எழுத்து திறந்த வழியில் ஓவியம் இன்னும் வரவில்லை என்பதுதான் என் தீர்ப்பு.

எதையெல்லாம் எறிந்துவிட்டோம்

மஹாமா கதையில் மிச்சம் ஒன்று உண்டு. படைப்புகள் விற்ற பணத்தை அவர் லண்டனிலோ பாரிஸிலோ போடவில்லை. சொந்த ஊர் தமாலேயில் 2019-லும் 2020-லும் கலைக்கூடங்கள் திறந்தார். பள்ளிப் பிள்ளைகள் அங்கே வந்து போகிறார்கள். வறண்ட ஊருக்குக் கலைக்கூடம் எதற்கு என்று அவர் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

கோவில்பட்டியில் கி.ரா.வுக்கு அரசு நினைவரங்கம் கட்டியிருக்கிறது. மகிழ்ச்சி. அதே ஊரில் கொண்டையராஜுவுக்கும் அவர் சீடர்களுக்கும் ஒரு நிரந்தரக் காட்சிக்கூடம் வேண்டும். மூல ஓவியங்கள், அச்சுப் பிரதிகள், தீப்பெட்டி லேபிள்கள், ஏஜெண்டுகளின் பழைய ஆல்பங்கள் எல்லாம் ஓரிடத்தில் சேர வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரவிவர்மாவுக்கு இடமிருக்கிறது. 1979-ல் அவருடைய படைப்புகளை நாட்டின் கலைச் செல்வமாகவும் அரசு அறிவித்தது. தமிழ் வீடுகளில் ரவிவர்மாவுக்குச் சமமாகத் தொங்கியவருக்கு அவருடைய ஊரில் நான்கு சுவர் கேட்பது அதிகமில்லை. சிவகாசி அச்சக உரிமையாளர்கள் தங்கள் அலமாரிகளில் இருக்கும் மூலங்களைக் கடனாகவாவது தந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி நம்மிடம் இருக்கிறது. வீடு மாற்றும்போதும் புது வீடு கட்டும்போதும் பழைய சாமி படங்களை அரசமரத்தடியில் சாய்த்துவிட்டு வருவது நம் வழக்கம். குப்பையில் போட மனம் வராத பக்திதான் காரணம். வெயிலும் மழையும் ஒரே ஆண்டில் அவற்றை முடித்துவிடும். அடுத்தமுறை மரத்தடிக்குக் கொண்டுபோகும் முன் கீழ் மூலையைப் பாருங்கள். கையெழுத்து இருந்தால் படம் எடுத்து வையுங்கள். பின்பக்க அட்டையைப் பிரித்து அச்சகப் பெயரும் ஆண்டும் இருக்கிறதா பாருங்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், எறியும் முன் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த சேகரிப்பிலிருந்து 1994-ல் உருவான நூலகம் அது. அவர் பேராசிரியரோ பணக்காரரோ இல்லை. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொடுத்துப் பிழைத்த ஓவியர்.